சளி திரும்பி வந்த ஆண்டு

ஜாஃபர் பேருந்து ஓட்டப் போனது பேருந்தின்மேல் இருந்த ஆசையால் அல்ல. மகனின் மூச்சிரைப்பால்.

அதற்கு முன்பு அவர் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தார். வீடு ஈசூனில். வடக்கே குடியிருந்துகொண்டு மேற்கே வேலை பார்ப்பதில் அதுவரை அவருக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. ரயிலில் நன்றாகத் தூக்கம் வரும். அஹ்சன் பிறந்து, அவன் நடை பழகிய பிறகுதான் அந்தத் தூரம் அவருக்கு உறைத்தது. பிள்ளைக்கு மாதம் தவறாமல் சளி பிடித்தது. அது மூக்கோடு நிற்கிற சளி இல்லை. இன்று மூக்கில் ஒழுகினால் நாளை நெஞ்சில் இறங்கும். மூச்சு விடும்போதெல்லாம் தூரத்தில் யாரோ விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம் வரும். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வரும். பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும் மனைவி சாயிரா பானு, தான் வேலை பார்த்த சிராங்கூன் சாலை மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து அப்படியே கிளம்பி ஓடுவாள். ஜாஃபர் ஜூரோங்கிலிருந்து வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு மருந்து கொடுத்து முடிந்திருக்கும். அவன் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருப்பான். பானு நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

"ரெண்டு பேருல ஒருத்தராவது வீட்டுக்குப் பக்கத்துல வேலை பார்க்கணும்லா. கண்ணாடிக் கடைய ஈசூனுக்குத் தூக்கிட்டு வர முடியாது," என்றாள் ஒருநாள்.

ஈசூன் பக்கத்துப் பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜாஃபர் பயிற்சிக்குப் போனார். நீளமான அந்த வண்டியை முதல் தடவை வளைவில் திருப்பியபோது அவருடைய உள்ளங்கை வியர்த்து வழிந்தது. பழகிய பிறகு அந்த வேலை பிடித்துப்போயிற்று. அவருக்குக் கிடைத்த தடம் ஈசூனில் தொடங்கி சிராங்கூன் சாலை வழியாக நகரத்துக்குப் போய்த் திரும்புவது. அவருடைய தந்தை நாகூரிலிருந்து வந்து, சிராங்கூன் சாலையில் இருக்கும் தேக்கா சந்தையில் கைலிக்கடை வைத்திருந்தவர். ஜாஃபர் பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில்தான். ஆகவே தினமும் தான் பிறந்த வாசலைத் தாண்டி வண்டி ஓட்டுகிற வேலை அது. அதுபற்றி அவர் பெரிதாக எதுவும் நினைத்ததில்லை. அவருடைய கவனமெல்லாம் பின்னால் இருந்து வரும் இருமலில் இருந்தது.

ஆம், இருமல்தான். மகன் பிறந்த பிறகு அவருடைய காது அப்படி ஆகிவிட்டது. வண்டியில் ஒரு குழந்தை இருமினால், அது தொண்டையில் வருகிறதா, நெஞ்சில் வருகிறதா, கடைசியில் விசில் இருக்கிறதா என்று மனம் தானாகத் தேடும். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அஹ்சனைத் திருப்பி உட்காரவைத்து, அவன் முதுகில் காதை வைத்துக் கேட்பார். டாக்டர் காதில் மாட்டுகிற கருவி இல்லாவிட்டால் என்ன, தகப்பன் காது இருக்கிறதே என்பது அவர் கணக்கு. மூச்சு சுத்தமாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். இல்லையென்றால் மறுநாள் விடுப்பு. பிள்ளைக்காகக் கொடுக்கும் விடுப்பு ஆண்டுப் பாதியிலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு அவர் மற்ற ஓட்டுநர்களைக் கெஞ்சி முறை மாற்றிக்கொள்வார். அவர்களில் இருதயராஜ் என்பவர்தான் முகம் கோணாமல் மாற்றிக்கொடுத்தவர். "போங்க பாய், புள்ளையப் பாருங்க. எனக்கு வீட்டுக்குப் போனா டிவிதான்," என்பார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது கொவிட் வந்தது.

ஊர் முழுக்க வீட்டுக்குள் அடைந்தபோதும் பேருந்து ஓடியாக வேண்டும். ஜாஃபர் ஓட்டினார். இரட்டை மாடி வண்டியில் ஒரு தாதி, ஒரு துப்புரவாளர், சில நடைகளில் யாருமே இல்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் நத்தை மாதிரி ஊர்ந்துதான் வண்டியை நகர்த்த முடியும். வெளிநாட்டு ஊழியர்கள் தோளோடு தோள் உரசிச் சாலையைக் கடப்பார்கள். அவர்களெல்லாம் அப்போது துவாஸ் போன்ற இடங்களில் விடுதிகளுக்குள் அடைபட்டிருந்தார்கள். பச்சை விளக்குக்குப் பச்சை விளக்கு வண்டி தடையில்லாமல் போயிற்று. தான்தான் இந்த நோயை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று அவர் உறுதியாக நம்பினார். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை. பானுவோ இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வாசலிலேயே சீருடையைக் கழற்றி வாளியில் போட்டு, குளித்துவிட்டுத்தான் மனைவியிடமே பேசுவார். மகனின் முதுகில் காது வைக்கும்போதுகூட முகக்கவசத்தைக் கழற்றமாட்டார்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு, மூன்று மாதமும் போயிற்று. அஹ்சனுக்குச் சளி பிடிக்கவில்லை.

இல்லாததைக் கண்டுபிடிக்க நாளாகும் அல்லவா? அவர்களுக்கும் நாளானது. முதலில் பார்த்தவள் பானு. அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவள், அஹ்சனின் இன்ஹேலரைக் கையில் எடுத்து அதன் அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"என்னங்க, இது தேதி முடிஞ்சுபோச்சு."

"தீர்ந்துபோச்சா?"

"தீரல. இன்னும் நிறைய இருக்கு. தேதிதான் முடிஞ்சுபோச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஹேலர் தீர்ந்துபோவது அந்த வீட்டில் வழக்கம். கெடு முடியும்வரை அது தீராமல் கிடந்தது அதுதான் முதல் தடவை. ஜாஃபர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சொன்ன வாயோடு ஒரு கூச்சமும் வந்தது. உலகமே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது தன் பிள்ளை மட்டும் பிறந்ததிலிருந்து இல்லாத அளவுக்கு நன்றாக மூச்சு விடுகிறான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? இருதயராஜிடம்கூட அவர் சொல்லவில்லை.

செப்டம்பரில் யும்னா பிறந்தாள். சொந்தக்காரர்கள் தொலைபேசியில்தான் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தவழ்ந்ததும் நடந்ததும் அந்த நாலு சுவருக்குள்தான். அஹ்சன் அவளுடைய வயதில் மருந்துக்குழலும் கையுமாக இருந்தவன். இவளுக்கோ தும்மல் என்றால் என்னவென்று தெரியாது. பானு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள்.

இதிலிருந்து ஜாஃபர் ஒரு பாடம் படித்துக்கொண்டார். கதவுதான் மருந்து. பல வருடங்கள் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கியும் கிடைக்காதது, கதவைச் சாத்தியதும் கிடைத்துவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். அவர் அடுப்பங்கரை இருக்கும் வீட்டுக்கே போகாத பூனையானார். மற்றவர்கள் கதவைத் திறந்த பிறகும் அவர் திறக்கவில்லை. அஹ்சனைப் பள்ளிக்குக்கூட முகக்கவசத்தோடுதான் அனுப்பினார். நோன்புப் பெருநாளுக்கு ஊரே உறவினர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தபோது, ஜாஃபர் பிள்ளைகளுக்கு முகக்கவசம் மாட்டி அழைத்துப்போய், அக்கா வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்று சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினார். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா, என் வீட்டுக்கு வந்து காரிடார்ல நின்னுட்டுப் போறியே, நான் என்ன பேயா பிசாசா?"

"உன் வீட்டுல எல்லாருக்கும் மூக்கு ஒழுகுதுக்கா."

"புள்ளைங்கன்னா ஒழுகத்தான் செய்யும். உனக்கு ஒழுகாமலா நீ வளர்ந்த?"

அவர் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினார்.

முகக்கவசம் கட்டாயமாக இருந்த கடைசி இடங்களில் பேருந்தும் ஒன்று. அந்தக் கட்டாயமும் 2023 பிப்ரவரியில் ஒருநாள் போயிற்று. அன்று காலை வண்டியில் ஏறியவர்களின் முகங்களை ஜாஃபர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருடமாகக் கண்கள் மட்டும் தெரிந்தவர்களுக்கு மீசையும் பல்லும் முளைத்திருந்தன. ஒரு மூதாட்டி அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் முகக்கவசத்துக்குள் சிரித்தார். அவர் கழற்றவில்லை. பின்னால் மேல்மாடியில் ஒரு பிள்ளை இருமிற்று. மறைப்பில்லாத, முழு இருமல். ஜாஃபரின் தோள்கள் தாமாக உயர்ந்தன.

அதே மாதம் பானு பேச்சை எடுத்தாள்.

"கடையில கூப்பிடுறாங்க. நான் போகப்போறேன். பக்கத்துப் புளோக் சைல்ட்கேர்ல யும்னாவுக்கு இடம் கேட்டு வச்சிருக்கேன்."

"இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே, பானு."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"அங்க போனா வியாதிதான் வரும். அஹ்சன் பட்டது உனக்கு மறந்துபோச்சா?"

"மறக்கல. ஓடுனது நான்தானே." பானு குரலை உயர்த்தவில்லை. "அதுக்காக இவளுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்புற வரைக்கும் வீட்டுக்குள்ளேயே வச்சிருப்பீங்களா? இவளுக்கு இன்னொரு பிள்ளையோட விளையாடத் தெரியலங்க. கீழ ஒரு பிள்ளை பந்து நீட்டுனா என் காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறா."

யும்னா பாலர் பள்ளிக்குப் போனாள். போன முதல் வாரமே மூக்கு ஒழுகிற்று. அது காய்வதற்குள் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் கண் சிவந்தது. கண் வெளுத்ததும் மறுபடி சளி. மூன்று வருடம் எட்டிப் பார்க்காத வியாதியெல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே வந்ததுபோல இருந்தது. ஜாஃபர் "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஒருதரம் சொன்னார். பிறகு சொல்லாமலே அப்படி நடந்துகொண்டார். அது அதைவிடக் கொடுமை. வீட்டில் பேச்சு குறைந்தது. அஹ்சனைப் பள்ளியிலிருந்து வந்ததும் தங்கையின் பக்கத்தில் உட்காரவிடாமல் அடுத்த அறைக்கு அனுப்பினார். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் அவனுக்கு எட்டு வயதாகியிருந்தது. தனக்குப் பழைய மூச்சிரைப்பு இருந்ததே அவனுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அத்தா ஜாஃபருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருந்தது.

அந்த ஆண்டு நடுவில் ஒருநாள், யும்னாவுக்கு மறுபடி சளி என்று பாலர் பள்ளி வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜாஃபருக்கு அன்று ஓய்வுநாள். பானு கடைக்குப் போயிருந்தாள். காலையில் யும்னா பொம்மைப் பேருந்தைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் அதை விட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள். பால் வேண்டாம் என்றாள். ஜாஃபர் முதுகில் காது வைத்துக் கேட்டார். விசில் இல்லை. சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவள் வயிறு ஏறி இறங்குகிற வேகம் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ம்ம், ம்ம் என்று மெல்ல முனகினாள். அவருக்குப் பழக்கமான அடையாளம் எதுவும் இல்லை. பழக்கமில்லாதது என்பதுதான் அவரைக் கிலிபிடிக்க வைத்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு மாறியதுகூடத் தெரியாமல், கீழே இருந்த கிளினிக்குக்கு ஓடினார்.

அங்கிருந்த மருத்துவர் யும்னாவின் விரலில் பிராணவாயு அளக்கும் கவ்வியை மாட்டி, அதில் தெரிந்த எண்ணைப் பார்த்தார். சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார்.

"டாக்ஸி பிடிச்சுப் போறேன் டாக்டர்," என்றார் ஜாஃபர்.

"வேண்டாம். ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்," என்றார் அவர்.

சாலையில் எத்தனை ஆம்புலன்சுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருப்பார் ஜாஃபர்! அன்று அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். சன்னல் வழியாகப் பேருந்து ஒன்று ஓரம்கட்டி நிற்பது தெரிந்தது. மடியில் யும்னா மூக்கில் குழலோடு கண்ணை மூடிக்கிடந்தாள். "யா அல்லாஹ்" என்பதற்கு மேல் அவருக்கு வேண்டுதல், துஆ எதுவும் நாவில் வரவில்லை.

குழந்தைகள் மருத்துவமனையில் அவளை உடனே சேர்த்துக்கொண்டார்கள். மூக்கில் பஞ்சு விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிராணவாயு ஏறியதும் அவளுடைய உதட்டில் நிறம் திரும்பியது. முனகல் குறைந்து, தூங்கிப்போனாள். அதன்பிறகுதான் ஜாஃபர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வார்டில் கட்டில்கள் நிறைந்திருந்தன. எல்லாம் யும்னா வயதுப் பிள்ளைகள். ஒருவன் ஆடிக்கொண்டே தொட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி பிஸ்கட் கேட்டுத் தாயிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

பானு கடையிலிருந்து நேராக வந்தாள். வழியெல்லாம் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. கட்டிலைப் பார்த்தாள், ஜாஃபரைப் பார்த்தாள். அவர் எதையும் சொல்வதற்கு முன்னால், "நான்தான் அனுப்புனேன். என்னாலதான்," என்றாள்.

எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைதான் அது. அவள் வாயால் கேட்டபோது ஜாஃபருக்குத் தாங்கவில்லை.

"இல்ல பானு. நான்தான் அனுப்பவிடாம வச்சிருந்தேன். சின்னதுலயே ஒண்ணு ரெண்டு பட்டிருந்தா உடம்பு பழகியிருக்கும். என்னாலதான்."

"நீங்க பயந்தது நியாயம்தானே? நான்தான் அவசரப்பட்டேன்."

"அவசரம் என்ன, ரெண்டரை வயசுலா..."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வார்டு மருத்துவர் ரோஷினி நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்தது.

"முடிச்சுட்டீங்களா, இல்ல நான் அப்புறம் வரட்டுமா? இந்த மாசம் நான் பார்க்குற எல்லாப் பெத்தவங்களும் இதே சண்டையத்தான் போடுறாங்க. என்ன, மத்தவங்க 'உன்னாலதான்'னு போடுவாங்க. நீங்க மாத்திப் போடுறீங்க."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே ஜாஃபருக்குப் பாதி தைரியத்தைக் கொடுத்தது. ஆபத்து என்றால் நின்றுகொண்டுதானே சொல்வார்கள்?

"கொவிட் இல்ல. ஆர்எஸ்வின்னு ஒரு வைரஸ். புதுசு இல்ல, ரொம்பப் பழசு. முன்னாடியெல்லாம் ரெண்டு வயசு முடியுறதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஒருதடவை வந்துட்டுப் போயிடும். பெரும்பாலும் வெறும் சளிதான். சில பேருக்கு மட்டும் நெஞ்சுக்கு இறங்கும். 2020-ல எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தோம்ல, அப்போ இது காணாமலே போயிடுச்சு. என் வார்டுல பாதிக் கட்டில் காலி. நாங்களே ஒருத்தரையொருத்தர் பார்த்து, பிள்ளைங்கள்லாம் எங்கன்னு கேட்டுக்கிட்டோம். அப்புறம் மெல்ல மெல்லத் திறந்துவிட்டதும் திரும்பி வந்துச்சு. ஆனா பழைய மாசத்துல வரல, பழைய வயசுலயும் வரல. இங்க பாருங்க, எல்லாம் நடக்குற, பேசுற பிள்ளைங்க. முன்னாடி இந்தக் கட்டில்ல எல்லாம் கைக்குழந்தைங்களா இருப்பாங்க."

"அப்போ நான் கதவைச் சாத்தி வச்சதாலதானே டாக்டர்?"

"நீங்க மட்டுமா சாத்துனீங்க? ஊரே சாத்துச்சு. போன வாரம் வந்த ஒரு பிள்ளை, கைக்குழந்தையா இருக்கும்போதே சைல்ட்கேர் போனவன். அவனும் இதே கட்டில்லதான் படுத்திருந்தான். ஒண்ணு சொல்லவா? ஆறு மாசத்துல இது வந்திருந்தா, மூச்சுக்குழாய் நூல் மாதிரி இருக்கும். இப்போ கொஞ்சம் பெருசாயிருக்கு. தள்ளி வந்தது உங்க பொண்ணுக்குக் கெடுதல்னு நான் சொல்லமாட்டேன். ரெண்டு மூணு நாள் இங்க இருக்கட்டும், சரியாயிடும்."

ஜாஃபரின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க வேறு கேள்வி கேட்டார். அஹ்சனைப் பற்றிச் சொன்னார். மாதாமாதம் வந்த மூச்சிரைப்பு, கதவு சாத்தியதும் நின்றது, இப்போது தங்கைக்கு வந்திருப்பது அவனுக்கும் தொற்றினால் என்ன ஆகும் என்பதெல்லாம்.

"எட்டு வயசுன்னு சொன்னீங்கல்ல? சின்ன வயசுல சளி பிடிச்சா மட்டும் இழுக்குற பிள்ளைங்க நிறைய பேரு, ஸ்கூல் போற வயசுல அதை விட்டுடுவாங்க. கதவு நிறுத்துச்சா, வயசு நிறுத்துச்சான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. அடுத்த சளி வரும்போது உங்களுக்கே தெரிஞ்சிடும்."

அடுத்த சளிக்காக அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளே அக்கா தொலைபேசியில் அழைத்தார். யும்னாவை மருத்துவமனையில் சேர்த்ததிலிருந்து அஹ்சன் அவர் வீட்டில்தான் இருந்தான்.

"டேய், பயப்படாத. இவனுக்கும் மூக்கு ஒழுகுது, நேத்துலேருந்து இருமுறான். சொல்லலைன்னா அப்புறம் என்னைய ஏசுவ."

பயப்படாதே என்று சொல்லி ஆரம்பிக்கிற பேச்சைக் கேட்டுப் பயப்படாதவர் உண்டா? பானுவை யும்னாவிடம் விட்டுவிட்டு, புதிய இன்ஹேலர் ஒன்றும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஜாஃபர் வாடகை வண்டியில் ஈசூனுக்கு விரைந்தார். நேற்றுவரை நெஞ்சில் ஒரு கல். இன்று இரண்டாவது கல். ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஜூரோங்கிலிருந்து இப்படித்தான் ஓடிவருவது ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. இந்த முறை அவர் காரிடாரில் நிற்கவில்லை. நேரே உள்ளே போனார்.

"அஹ்சன் எங்க?"

"கீழ பந்து விளையாடப் போயிருக்கான்."

"பந்தா? இருமுறான்னு சொன்னியேக்கா!"

"இருமிக்கிட்டேதான் போனான். நான் என்ன பண்ணட்டும், கட்டியா போட முடியும்?"

ஜாஃபர் கீழே இறங்கி ஓடினார். அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த திடலில் அஹ்சன் ஓடிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. ஓட்டத்தின் நடுவில் நின்று இருமினான், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான், மறுபடி ஓடினான். அத்தாவைப் பார்த்ததும், "தங்கச்சி வந்துட்டாளா?" என்று கத்தினான்.

"இங்க வா."

அவன் வந்தான். ஜாஃபர் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், புல்லில் முட்டி போட்டு, அவனைத் திருப்பி, நனைந்த முதுகில் காதை வைத்தார். இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓடிய பிள்ளையின் இதயம். அதன் அடியில் மூச்சு வந்தது, போனது. வந்தது, போனது. காற்று மட்டும்தான். விசில் இல்லை, இழுப்பு இல்லை, கரகரப்புகூட இல்லை.

"இன்னொரு தடவை இழுத்து விடு."

"அத்தா, கூசுது! எல்லாரும் பார்க்குறாங்க!"

ஜாஃபர் அவனை விட்டார். அவன் ஓடிவிட்டான். அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் நின்ற சீனப் பையன் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்துவிட்டு, "அங்கிள், யூ ஓகே?" என்றான். "ஓகே லா, ஓகே," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எத்தனை வருடமாக இந்த ஒரு சளிக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார்! அது வந்தே விட்டது. வந்து, அவன் கூடவே பந்தும் விளையாடிக்கொண்டிருக்கிறது.

மருத்துவமனைக்குத் திரும்பியபோது யும்னா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் இருந்த குழலைத் தானே பிடுங்கிவிட்டதாகத் தாதி புகார் சொன்னார். மறுபடி மாட்டலாமா என்று கவ்வியைப் பார்த்தால், எண் நன்றாகவே இருந்ததாம். அப்படியே விட்டுவிட்டார்கள். ஜாஃபரைக் கண்டதும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "பராட்டா."

"சீனி போட்டா, குழம்பு ஊத்தியா?"

"சீனி."

பானு சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அஹ்சனைப் பற்றி அவர் சொன்னதும், முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். பிறகு, "அப்போ அவன் எப்பவோ நல்லாயிட்டான். நமக்குத்தான் தெரியாமப் போச்சு," என்றாள்.

யும்னா தேறி வீட்டுக்கு வந்தாள். இருமல் போக நாளாயிற்று. அது முழுக்க நின்ற பிறகு, ஒரு திங்கட்கிழமை, அவளைப் பாலர் பள்ளிக்கு ஜாஃபரே அழைத்துக்கொண்டு போனார். வாசலில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்தான். உள்ளேயிருந்து ஒரு சிறுமி, மூக்குக்குக் கீழே காய்ந்த கோட்டோடு, "யும்னா!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தாள். யும்னா கையை உதறிக்கொண்டு போனவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஜாஃபர் சற்று நேரம் கண்ணாடி வழியே பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பந்தை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பணிமனைக்கு நடந்தார்.

அதன்பிறகும் அவளுக்குச் சளி வரத்தான் செய்தது. ஒவ்வொன்றும் முன்னதைவிட இலேசாக வந்தது. ஒருநாள் பணிமனை உணவுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பானுவிடமிருந்து செய்தி வந்தது. ஜாஃபர் படித்துவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

"என்ன பாய், வீட்டுல எதாவதா? முறை மாத்திக்கவா?" என்றார் இருதயராஜ்.

"ஒண்ணுமில்ல அண்ணே. புள்ளைக்கு மூக்கு ஒழுகுதாம்."

"போகலையா?"

"சளிதானே," என்றார் ஜாஃபர். அதைச் சொன்னது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தேநீரை முடித்துவிட்டு அடுத்த நடைக்கு வண்டியை எடுத்தார். எப்போதிலிருந்து முகக்கவசம் இல்லாமல் ஓட்டுகிறார் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

செப்டம்பரில் யும்னாவுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்து அவளுக்கு ஆள் கூட்டிப் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. பானு, ஜாஃபரின் அக்கா குடும்பத்தை அழைத்தாள். பாலர் பள்ளிச் சிநேகிதியையும் அவள் பெற்றோரையும் அழைத்தாள். இருதயராஜ் மனைவியோடு வந்தார். அந்தச் சின்னக் கூடத்தில் நிற்க இடமில்லை. ரொட்டிக்கடைக் கேக்கின்மேல் மெழுகுவர்த்தி ஏற்றியதும் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். யும்னா வாயைப் பிளந்துகொண்டு தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊது," என்றான் அஹ்சன்.

அவளுக்கு ஊதத் தெரியவில்லை. உதட்டைக் குவிப்பதற்குப் பதிலாக, ப்பூ என்று வாய்நிறைய எச்சிலைத் தெளித்தாள். தீ அணையவில்லை. மறுபடி தெளித்தாள். சிநேகிதி பக்கத்திலிருந்து உதவிக்கு வந்தாள். அக்காவின் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை வாயும் ஒன்றாகக் குனிந்து ஊதியதில் மெழுகுவர்த்தி அணைந்து, கேக்கின் கிரீமில் மழை பெய்த மாதிரிப் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது.

பானு ஜாஃபரைப் பார்த்தாள். அக்காவும் அவரைத்தான் பார்த்தார்.

ஜாஃபர் கத்தியை எடுத்தார். ஓரத்தில் வெட்டவில்லை. நடுவிலேயே, மழை நன்றாகப் பெய்திருந்த இடத்தில், பெரிய துண்டாக வெட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி," என்றார், மென்றுகொண்டே. "யாருக்கு வேணும், தட்டை நீட்டுங்க."